கறிவேப்பிலைக்கு வைத்தியம்

"இன்னொண்டும் விழுந்திட்டுது" என்றார் சவிரிமுத்து.

வரவேற்பறை ஜன்னலோரம், தொட்டியில் நின்ற கறிவேப்பிலைச் செடியின் முன்னால் அவர் முழங்காலில் இருந்தார். மாதா கோயிலில்கூட அவர் இவ்வளவு நேரம் முழங்காலில் இருந்ததில்லை. கையில் மஞ்சளாய்ப் போன ஓர் இலை.

குசினியிலிருந்து மனைவி கிளறிற்றாவின் குரல் மட்டும் வந்தது.

"மேர்வின் அண்ணையை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

அந்தப் பெயரைக் கேட்டதும் சவிரிமுத்து கையிலிருந்த இலையைக் கசக்கினார். கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில் இருபது வருடமாக பஸ் ஓட்டுகிறவர். குறுக்கே பாயும் சைக்கிள்காரனை மன்னித்துவிடுவார். மேர்வினை மட்டும் அவரால் மன்னிக்க முடியவில்லை.

மேர்வின் செய்த குற்றம் இதுதான். ஒவ்வொரு ஞாயிறும் தமிழ்ப் பூசை முடிந்ததும் அவர் கோயில் வாசலில் ஒரு பெரிய பையோடு நிற்பார். பெண்கள் வரிசையில் வந்து ஆளுக்கொரு சின்னப் பொதி கறிவேப்பிலை வாங்கிப் போவார்கள். "வீட்டு மரம் அக்கா, மருந்தடிக்காதது" என்பார். பிரசங்கத்துக்கு வந்து சேராதவர்கள்கூட அதற்கு நேரத்தோடு வந்துவிடுவார்கள்.

கிளறிற்றா அந்தப் பொதியை ஈரத்துணியில் சுற்றி பிரிட்ஜில் வைப்பாள். கல்யாண நாளுக்கு சவிரிமுத்து வாங்கிக் கொடுத்த பூங்கொத்துக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

"மேர்வின் அண்ணைக்கு நல்ல கைராசி. பாருங்கோ, பொதியே பிசுபிசுக்குது. செழிப்பான மரத்திலதான் இப்பிடிப் பால் வடியும்" என்பாள்.

அந்த மரத்தை யாரும் கண்ணால் கண்டதில்லை. "மேல் அறையில நிக்குது. நாலு பேர் பார்த்தால் கண்ணூறு பட்டிடும்" என்று மேர்வின் சொல்லியிருந்தார். அதை யாரும் குறை சொல்லவும் இல்லை. பிள்ளைகளின் சோதனை முடிவையே கண்ணூறுக்குப் பயந்து ஒளித்து வைக்கிற சனம்தானே.

இந்த வருடம் சவிரிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. பெப்ரவரியில் லூர்து மாதா திருவிழா. இருநூறு பேருக்குச் சாப்பாடு. பருப்புக்குப் பொறுப்பு கிளறிற்றா. போன மாதக் கூட்டத்தில் சுவாமியாருக்கு முன்னாலேயே அவர் எழும்பி நின்று, "இந்த முறை பருப்புக்கு என்ர மரத்து இலைதான்" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். மேர்வினும் தட்டினார்.

அடுத்த நாளிலிருந்து இலை மஞ்சளாகத் தொடங்கியது. இப்போது திருவிழாவுக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது.

மேர்வினைக் கேட்பதைவிடச் செடியோடு சேர்ந்து தானும் பட்டுப்போகலாம் என்று நினைத்தார் சவிரிமுத்து. போனை எடுத்து, வீட்டுக்குள் வளரும் செடியின் இலை ஏன் மஞ்சளாகிறது என்று தேடினார். ஓர் ஆங்கிலக் குழு அகப்பட்டது. இலையின் நுனி கருகினால் என்ன, ஓரம் சுருண்டால் என்ன, நரம்பு பச்சையாக இருந்து நடு வெளுத்தால் என்ன என்று படம் படமாகப் போட்டிருந்தார்கள். அவருடைய குடும்ப டொக்டர்கூட அவரை இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. நோயைச் சொல்லி எழுதினார். 'இலை டொக்டர்' என்ற பெயரில் ஒருவர் உடனே பதில் போட்டார்.

"கீழ் இலையிலிருந்து மஞ்சளா? நைட்ரஜன் போதாது. உரம் கொடுங்கள். எத்தனை செடி வைத்திருக்கிறீர்கள்?"

"ஒன்றுதான். ஆனால் இருநூறு பேருக்குக் காணவேண்டும்."

"இருநூறு பேருக்கா!"

"ஆம். கோயில் திருவிழா. என் மனைவி எண்ணெயில் பொரித்துச் சாப்பாட்டில் கலப்பாள். எங்கள் சுவாமியாருக்கு மிகவும் பிடிக்கும்."

 பிறகு பார்த்தால், அந்தக் கோயில் எங்கே இருக்கிறது என்று நாற்பது பேர் கேட்டிருந்தார்கள்.

சவிரிமுத்து உரம் வாங்கி வந்தார். கிழமைக்கு ஒரு மூடி என்று போத்தலில் எழுதியிருந்தது. மேர்வினை நினைத்துக்கொண்டு நாலு மூடி ஊற்றினார். வியாழக்கிழமை இலை நுனியெல்லாம் நெருப்புக்குச்சி வைத்ததுபோலக் கருகி நின்றது.

"அளவுக்கு மிஞ்சிவிட்டது. மண்ணில் உப்புப் படிந்திருக்கும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்" என்றார் இலை டொக்டர்.

மறுநாள் காலை தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய் ஷவரைத் திறந்துவிட்டார். கிளறிற்றா துவாயோடு வெளியே நின்று கதவைத் தட்டினாள்.

"எனக்கு ஷிப்டுக்கு நேரமாகுதப்பா!"

"கொஞ்சம் பொறும். இவ குளிச்சு முடியட்டும்."

"ஆர் இவ?"

கதவு திறந்தது. கிளறிற்றா செடியை மேலும் கீழும் பார்த்தாள். இளஞ்சூட்டுத் தண்ணீர். எடுத்து வைத்திருந்த புதுத் துவாய். "எனக்கு ஒருநாளாவது தண்ணி சூடாக்கி வச்சிருப்பியளோ?" என்று கேட்டுவிட்டு, குளிக்காமலே வேலைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை இலையெல்லாம் துவண்டு தொங்கியது. வேருக்கு மூச்சு முட்டுகிறது, வெளிச்சமும் காற்றும் கொடுங்கள் என்றார் இலை டொக்டர். சவிரிமுத்து உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய ஒரு கூடாரம், ஊதா நிற லைட், ஒரு காற்றாடி எல்லாம் வாங்கி வந்தார். டிவியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் கூடாரம் அடித்தார். பின்னேரம் நாலரை மணிக்கே இருட்டுகிற காலம். அவர்களுடைய ஜன்னல் மட்டும் தெரு முழுக்க ஊதாவாக அடித்தது. காற்றாடிக் காற்றில் மிச்ச இலையும் அப்பளமாகக் காய்ந்தது.

மகள் துசியந்திதான் அவருடைய போனை வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா! டூ யூ நோ இவை என்ன வளர்க்கினம் எண்டு? இது கஞ்சா வளர்க்கிற ஆக்கள்ற குரூப்!"

சவிரிமுத்து கொஞ்சம் யோசித்தார்.

"அவையின்ர இலை பச்சையா நிக்குதோ?"

"நிக்குது. பட் அப்பா..."

"அப்ப காணும். வைத்தியரிட்டப் போனால் மற்ற நோயாளி ஆரெண்டு பார்க்கிறேல்லை."

புதன்கிழமை பின்னேரம் திருவிழாப் பட்டியலோடு மேர்வின் வந்தார். கூடாரத்துக்குள் தலையை விட்டு, தடியில் மிஞ்சி நின்ற மூன்று இலையையும் நெடுநேரம் பார்த்தார்.

"எத்தினை விண்டர் தாண்டிட்டுது சவிரியண்ணை?"

"இது மூண்டாவது."

"மூண்டோ!" மேர்வின் பெருமூச்சு விட்டார். தன்னை நக்கலடிக்கிறான் என்று சவிரிமுத்துவுக்கு ரத்தம் கொதித்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. பொலிஸ். ஊதா வெளிச்சத்தை யாரோ அறிவித்திருந்தார்கள்.

"கறி, சேர். ஒன்லி கறி" என்று கையை உயர்த்தினார் சவிரிமுத்து.

வந்தவர் கூடாரத்துக்குள் டோர்ச் அடித்தார். ஓர் இலையைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு டோர்ச்சை அணைத்துவிட்டு, "இந்த வேலையில் எத்தனையோ செடி பார்த்துவிட்டேன். இவ்வளவு பாவமான ஒன்றைப் பார்த்ததில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

தேத்தண்ணி கொண்டுவந்த கிளறிற்றாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னனான், மேர்வின் அண்ணையைக் கேளுங்கோ எண்டு! சேர், ஹிஸ் ட்ரீ இஸ் வெரி பியூட்டிபுல்."

பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டே மேர்வினிடம் திரும்பினார். "அப்படியா? எங்கே வளர்க்கிறீர்கள்? போகிற வழியில் ஒருமுறை பார்க்கலாமா?"

மேர்வினின் முகம் வெளுத்தது. "அப்ஸ்டெயர்ஸ்... இல்லை, லொக்ட். திறப்புத் துலைஞ்சுபோச்சு. வீட்டில ஆக்களும் இல்லை." பட்டியலைக் கதிரையில் போட்டுவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார்.

பொலிஸ் போனதும் சவிரிமுத்துவுக்கு இரண்டு கிழமைக்குப் பிறகு முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. பூட்டின அறை. ஒருவருக்கும் காட்டாத மரம்.

"கிளறிற்றா! மேர்வின் மேல கஞ்சாதான் வளர்க்கிறான்!"

"பொறாமையில வாய்க்கு வந்ததைக் கதையாதேங்கோ. அப்ப இவ்வளவு காலமும் உங்கட பருப்புக்குள்ள நான் கஞ்சாவோ போட்டனான்?"



திருவிழாவுக்கு முதல்நாள் சனிக்கிழமை, காலைச் சாப்பாட்டுக்கு முன்பே கடைசி மூன்று இலையும் விழுந்தன. சவிரிமுத்து அந்தத் தடியைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். நாளைக்கு மேர்வின் பெரிய பையோடு வருவார். கிளறிற்றா எல்லோர் முன்னாலும் கை நீட்டி வாங்குவாள். எண்ணெயில் இலை பொரிகிற மணம் வரும்போது இருநூறு பேரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். 

எழும்பினார். கூடாரத்தின் சிப்பை இழுத்து மூடினார்.

"நானே ஆய்ஞ்சு தாறன். நீர் ஒருக்காலும் எட்டிப் பார்க்கக் கூடாது. கண்ணூறு படும்."

"உந்தத் தடிக்கோ?" என்றாள் கிளறிற்றா.

அவர் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். பார்க்கிங்கில் வாங்க முடியாது, கடைக்கு இரண்டு பேராவது கோயில் ஆட்கள் நிற்பார்கள். தன்னை ஒருவருக்கும் தெரியாத வட லண்டன் எட்மண்டனுக்கு பஸ் மாறி மாறிப் போனார். அங்கே ஒரு சின்னத் தமிழ்க் கடை. முதலாளி கிருஷ்ணராசா மரக்கறி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கறிவேப்பிலை இருக்கோ தம்பி?"

"இருக்கண்ணை. எத்தினை?"

"முப்பது பொதி தாரும்."

கிருஷ்ணராசா ஆச்சரியப்படவில்லை. பின்னுக்குப் போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு பொதியின் மூலையிலும் கடையின் பெயரோடு ஒரு லேபிள். சவிரிமுத்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முதல் பொதியின் லேபிளை நகத்தால் மெல்லச் சுரண்டத் தொடங்கினார். லேபிள் பாதி கிழிந்து வந்தது. மிச்சம் விரலில் ஒட்டியது. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி சுரண்டினார்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த கிருஷ்ணராசா இரக்கத்தோடு சொன்னார்:

"எவ்வளவு சுரண்டினாலும் அந்தப் பசை போகாதண்ணை. பார்க்கிங்கில இருந்து வாற மேர்வின் அண்ணையும் ஆறு வருசமா ஒவ்வொரு சனியும் இதில நிண்டு சுரண்டிப் பார்க்கிறார்."