டேப்லெட் நலமாக இருக்கிறது, அத்தை

ஜோகுபாளையம், பெங்களூரு
வெள்ளிக்கிழமை மதியம்

பெருமதிப்பிற்குரிய அலர்மேல்மங்கை அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் அம்ருதா பணிவோடும் கொஞ்சம் நடுக்கத்தோடும் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், உங்கள் டேப்லெட் நால்வரும் நலம். ஓசூரில் நீங்களும் மாமாவும் தையல் வகுப்புப் பெண்களும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்த வாரம் சற்று அதிகமாகவே வேண்டிக்கொண்டேன். காரணம் கீழே வருகிறது.

போன் இருக்கும்போது எதற்கு இந்தப் பெண் தாளை வீணாக்குகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "என்னடி, ஆச்சா?" என்று கேட்டவுடன் என் வாய் தானாகவே, "ஆயிட்டே இருக்கு அத்தை, எல்லாம் நல்லா போயிட்டிருக்கு" என்று சொல்லிவிடுகிறது. இந்த வாரம் நீங்கள் கேட்டபோதெல்லாம் அப்படித்தான் சொன்னது. அதை நான் சொல்லவில்லை, என் பயம் சொன்னது. தாளில் எழுதினால் நீங்கள் நடுவில் கேள்வி கேட்க முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். மாடி வீட்டு க்ளென் அண்ணா நாளைக் காலை வேலை விஷயமாக ஓசூர் வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்து முடிக்கும்வரை அவரை நிற்க வைக்க வேண்டாம். அவரும் பயந்த சுபாவம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை டேப்லெட்டை என் கையில் கொடுத்தபோது நீங்கள் சொன்னது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. திரையில் பச்சைக் கோடு விழுந்து அவ்வப்போது இருண்டுபோகிறது, சர்வீஸ் கடைக்காரர் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் ரிப்பேர் செய்வேன் என்கிறார், அதற்கு முன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். "ஓசூர்ல பாதிப் பொம்பளைங்களோட ரவிக்கை அளவு இதுக்குள்ளதான்டி இருக்கு. இது போச்சுன்னா ஆவணி முகூர்த்தத்துக்கு ஒருத்தி முகத்துலயும் நான் முழிக்க முடியாது. கடைய மூடிட்டு உங்கப்பன் வீட்டுக்குத்தான் வந்து உக்காரணும்" என்றீர்கள். கடைசி வரியைக் கேட்டு அப்பாவின் முகம் போன போக்கை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்டர்நெட்டில் ஏற்றி வைக்கலாமே என்று நான் மெதுவாகச் சொன்னதற்கு, "என் கஸ்டமர் இடுப்பளவ ஊரெல்லாம் பாக்கவா?" என்று கேட்டீர்கள். அந்த வழி அத்தோடு அடைபட்டது. பிறகு பஸ் படியில் நின்றபடி மாமாவிடம், "நம்ம குடும்பத்துல மொத டிகிரி. இவளுக்குத் தெரியாததா?" என்றீர்கள். அத்தை, நான் படித்தது பி.காம். வரவு எந்தப் பக்கம், செலவு எந்தப் பக்கம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். டேப்லெட் அதில் பாடமாக வரவில்லை. இதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

திங்கட்கிழமை காலை என் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் கேபிளைச் செருகி, பேக்கப் என்று இருந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். இன்னும் நான்கு மணி நேரம் என்றது. பல் துலக்கிவிட்டு வந்தேன், இரண்டு நாள் என்றது. தோசை சாப்பிட்டுவிட்டு வந்தேன், ஒரே நிமிடம் என்றது. சந்தோஷமாகக் கை கழுவப் போய்த் திரும்பினால் பதினாறு மணி நேரம் என்கிறது. இப்படி முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு எப்போதுமே பயம். க்ளென் அண்ணாவைக் கூப்பிட்டேன். அவர் நீங்கள் இன்சுலேஷன் டேப் சுற்றிக் கொடுத்த கேபிளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல டேட்டா அனுப்பறது ஸ்ட்ரா வச்சு வாட்டர் டேங்க் ரொப்புற மாதிரி. வேற கேபிள் வாங்கு. கம்ப்யூட்டரோட முன்பக்க ஓட்டைல குத்தாத, பின்பக்கம் நேரா குத்து" என்றார். எஸ்.பி. ரோட்டுக்குப் போய் நல்ல கேபிள் வாங்கிவந்தேன். பின்பக்கம் செருகினேன். வேகம் வந்தது. வந்த வேகத்தில் நின்றது. ஏனென்றால் டேப்லெட் திரை அணைந்தால் வேலையும் நின்றுவிடுகிறதாம். திரை அணையாமல் வைக்க ஒரு வசதி இருப்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அதுவரை நான் ஆபீஸ் போயிருக்கும் நேரத்தில் அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே அவ்வப்போது திரையை ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அம்மா தட்டிய ஒரு தட்டு தவறிப்போய், உங்கள் வாட்ஸாப்பிலிருந்து சௌபாக்யா என்கிற கஸ்டமருக்கு வீடியோ கால் போய்விட்டது. அந்த அம்மாள் கன்னடத்தில் கடகடவென்று பேச, எங்கள் அம்மா கத்தியும் கத்தரிக்காயுமாக, "ஆய்தம்மா, மாட்கொடுத்தீவி, மாட்கொடுத்தீவி" என்று எல்லாவற்றையும் செய்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். என்ன ஒப்புக்கொண்டார் என்று சாயங்காலம் விசாரித்தேன். மகள் நிச்சயதார்த்தத்துக்கு முதுகில் தோகை விரித்த மயில் வைத்து ரவிக்கை. அடுத்த வாரத்துக்குள். "முடியாதுன்னு சொல்லக் கூடாதாம்மா?" என்றேன். "அவ்வளவு ஆசையா கேக்கறா, எப்படிடி சொல்றது?" என்றார். அம்மாவுக்கு முடியாது என்று சொல்ல வராது. எனக்கு அது அங்கிருந்துதான் வந்திருக்கிறது. தயவுசெய்து அந்த மயிலை எப்படியாவது தைத்துக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் இதெல்லாம் பயமே இல்லை. பயம் அதற்குப் பிறகுதான். காலையில் நாற்பது சதவீதம் பார்த்துவிட்டு ஆபீஸ் போவேன், சாயங்காலம் வந்தால் கம்ப்யூட்டர் ஒன்றும் தெரியாத மாதிரி, பேக்கப் தொடங்கவா என்று கேட்டுக்கொண்டு நிற்கும். மறுபடி ஆரம்பிப்பேன். தூங்கி எழுந்து பார்த்தால் மறுபடி பூஜ்யம். க்ளென் அண்ணாவே தாடையைத் தடவிக்கொண்டு, "இது வைரஸும் இல்ல, கேபிளும் இல்ல. எனக்கே ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அன்று எனக்கு ஒரு கனவு வந்தது. ஓசூர்ப் பெண்கள் எல்லாரும் முகூர்த்தத்துக்குப் புடவையைத் தோள்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். யாரும் திட்டவில்லை. சும்மா என்னைப் பார்க்கிறார்கள். நடுவில் நீங்கள் கழுத்தில் இஞ்ச் டேப்போடு நிற்கிறீர்கள். நீங்களும் திட்டவில்லை. நீங்கள் திட்டாமல் நின்றதைப் பார்த்துத்தான் அலறி எழுந்தேன்.

நேற்று ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அப்பா அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். செருப்பை மாட்டும் முன் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்து, டக், டக் என்று ஸ்விட்சுகளை அணைத்துக்கொண்டே வந்தார். என் அறைக்குள்ளும் போனார். டக்.

"அப்பா... கம்ப்யூட்டர ஏன் ஆஃப் பண்றீங்க?"

"ஆளில்லாத ரூம்ல அது எதுக்கும்மா எரியணும்?"

"அது எரியலப்பா. ஓடிட்டிருக்கு."

"எங்க ஓடுது? நானும் நாலு நாளா பாக்கறேன், நின்ன எடத்துலயேதான் நிக்குது. அதான் போகும்போது அணைச்சிட்டு, வந்ததும் ஒனக்காக மறுபடி போட்டு வைக்கறேனே."

உங்களுக்குத் தெரியும், அப்பா ஒரு ஆபீசில் செக்யூரிட்டியாக இருந்தவரை கடைசியாக வெளியே வருகிறவர் அவர்தான். மாடி மாடியாகப் போய் எல்லா ஸ்விட்சையும் அணைத்துப் பூட்டிவிட்டு வருவார். "என் சர்வீஸ்ல ஒரு நாள் ஒரு பல்பு சும்மா எரிஞ்சுதுன்னு எவனாச்சும் சொல்லட்டும்" என்பார். ரிட்டயர் ஆன பிறகு அந்த டியூட்டி எங்கள் வீட்டுக்கு மாற்றலாகி வந்துவிட்டது. படுக்கப் போகும்போது ஒரு ரவுண்டு, வெளியே போகும்போது ஒரு ரவுண்டு. பிரிட்ஜ் தப்பித்ததே அம்மா போட்ட சண்டையால். நான் சண்டை போடவில்லை. அதைத் திடீரென்று அணைத்தால் அதுவரை ஏறியது முழுக்கப் போய்விடும் என்று மட்டும் சொன்னேன். அப்பா ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றுவிட்டார்.

"எல்லாரோட அளவுமா?"

"டேப்லெட்டுக்குள்ள இருக்குப்பா. இன்னும் இந்தப் பக்கம் வரல. அது மொத்தமா இருண்டுபோறதுக்குள்ள வரணும்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாத."

நான் சொல்லவில்லை, எழுதுகிறேன். நீங்களும் படிக்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

நேற்று சாயங்காலம் மறுபடி தொடங்கினோம். ஸ்விட்சுக்குப் பக்கத்தில் 'தயவுசெய்து அணைக்க வேண்டாம்' என்று ஒரு தாள் ஒட்டினேன். அப்பாவுக்கு உத்தரவு போடுவது போல் இருக்கக் கூடாது என்று பென்சிலில்தான் எழுதினேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை. அப்பா ஸ்விட்ச் போர்டுக்கு நேராக நாற்காலியைப் போட்டு, பழைய டார்ச் லைட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா துடைப்பத்தோடு வந்தால்கூட, "யாரு? என்ன வேணும்?" என்கிறார். "ம்ம், என் வீட்டப் பெருக்க ஒங்ககிட்ட கேட் பாஸ் வாங்கணுமா?" என்று அம்மா கேட்டதற்கு, "அப்புறம் பெருக்கலாம், போ" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான் இன்று லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இப்போது தொண்ணூற்றேழு சதவீதம். அப்பா எழுந்து, "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன். நீ இருக்கறதால போறேன்" என்று சொல்லிவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போயிருக்கிறார்.

ஆகவே நீங்கள் நிம்மதியாக ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போய் ரிப்பேருக்குக் கொடுங்கள். உங்கள் ஆவணி முகூர்த்தங்கள் அத்தனையும் பத்திரம். மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசீர்வாதம் எனக்கு வேண்டும், அப்பாவுக்கு உங்கள் மன்னிப்பு வேண்டும்.

என்றும் உங்கள் பிரியத்துக்கும் பேச்சுக்கும் கட்டுப்பட்ட,
அம்ருதா

பின்குறிப்பு: மேலே ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். கையெழுத்துப் போட்டதும், இதைப் போட்டு ஒட்ட ஒரு கவர் தேடி எழுந்தேன். கவர் அலமாரியில் இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பினால் என் அறையில் கம்ப்யூட்டர் இருண்டு கிடந்தது. அப்பா டீக்கடையில். அம்மா துணி காயப் போட மாடியில். அறையை விட்டு வெளியே வரும்போது என் கை தானாகப் போய், அந்தப் பென்சில் எழுத்துக்குப் பக்கத்திலேயே, டக் என்று அணைத்திருக்கிறது. அணைத்தது எனக்குத் தெரியவே இல்லை, அத்தை. டேப்லெட் உயிரோடுதான் இருக்கிறது. பச்சைக் கோட்டுக்குத் துணையாக இன்னொரு கோடும் வந்திருக்கிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். இன்னும் பதினாறு மணி நேரம் என்கிறது, அல்லது இரண்டு நாள்.

அப்பா வந்து பார்த்தார். நான் அழுததையும் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து டார்ச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அக்காவுக்குத்தான எழுதற? நான்தான் அணைச்சேன்னு எழுது. என்னத் திட்டி அவளுக்குப் பழக்கம்" என்றார்.

அப்பா பேச்சை நான் தட்டியதே இல்லை. ஆகவே எழுதுகிறேன்: ஸ்விட்சை அணைத்தது அப்பாதான்.