மேகம் துடைக்க ஏணி ஏறினேன்

சூரியனை நம்பி மோசம் போனவன் என்று எங்கள் வீட்டில் என்னைச் சொல்கிறார்கள். அப்பட்டமான பொய். சூரியன் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. என்னைக் கவிழ்த்தது மேகம். இந்தச் சின்ன வித்தியாசம்கூடப் புரியாதவர்களோடு நான் காலம் தள்ள வேண்டியிருக்கிறது.

திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் தோட்டத்தில் என் மனைவி கோமதி நாட்டுக்கோழிக் கொட்டகை போட்டாள். அவளுடைய நெடுநாள் ஆசை அது. பிறந்த குஞ்சுகளுக்கு முதலில் சூடு வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துப்போகும். எங்கள் பக்கத்தில் மண்பானையில் கரி மூட்டி வைப்பார்கள், இல்லையென்றால் குண்டு பல்பு போடுவார்கள். மாமியார் ஒரு மூட்டை கரியே அனுப்பினார். நான் திருப்பி அனுப்பினேன் (வண்டிக்காரர் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள்). கொட்டகைக்குக் கரன்ட் லைன் இழுக்கவும் விடவில்லை. கூரையில் சோலார் பேனல், கீழே பேட்டரி, அதில் பல்பு. புகை இல்லை, செலவு இல்லை.

"கார்த்திகைல மோடம் போட்டு வெயிலே இல்லாமப் போனா என்னங்க பண்றது?" என்றாள் கோமதி.

"குளிரடிச்சாத்தான் பேனல் நல்லா வேலை செய்யும். பனிக்கட்டி கொட்டற நாட்டுலயே ஓடுது."

இதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை, இன்றைக்கும் சொல்வேன். குளிரோடு வெயிலும் வேண்டும் என்பதை விற்றவனும் சொல்லவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. அந்த நாட்டில் குளிரிலும் வெயில் அடிக்குமாம். எங்கள் ஊரில் முதல் குளிரே புயல் மழையோடுதான் வருகிறது. அதற்கு நானா பொறுப்பு?

அட்டைப்பெட்டிகளில் குஞ்சுகள் வந்திறங்கிய அன்றே வங்கக்கடலில் புயல். வானம் கறுத்துக் கிடந்தது. அப்போதும் பேனல் கொஞ்சம் கரன்ட் கொடுத்தது. என் செல்போனுக்குப் போதும், குஞ்சுகளுக்குப் போதாது. மறுநாள் காலையில் பல்புகள் மங்கி அணைந்தன. குஞ்சுகள் மூலையில் ஒடுங்கிக் கத்தின.

நான் என்ன செய்தேன்? பேனலில் தூசி இருக்கும் என்று, கொட்டுகிற மழையில் ஏணி வைத்து ஏறித் துண்டால் துடைத்தேன். குஞ்சு பார்க்க வந்திருந்த மாமியார் குடையோடு கீழே வந்து நின்றார்.

"மாப்ளைங்க, கைக்கு எட்டுனா அந்த மேகத்தையும் ஒரு தொடை தொடைச்சு உட்டுட்டு எறங்குங்க."

மரியாதை இம்மியும் குறையாமல் ஒரு மனுஷனை அவமானப்படுத்த எங்கள் ஊரில்தான் முடியும்.

கோமதி சிரிக்கவில்லை. "ஒரு குஞ்சு செத்தாலும் உங்ககூடப் பேசமாட்டேனுங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். புயலில் வீட்டுக் கரன்டும் போய், விறகெல்லாம் நனைந்து கிடக்க, திருப்பி அனுப்பிய கரிமூட்டை கண்முன் வந்து நின்றது.

அப்போதுதான் நாங்கள் புதிதாக வாங்கியிருந்த காரில் ஹீட்டர் என்று ஒரு பொத்தான் இருப்பது நினைவுக்கு வந்தது. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாத பொத்தான் (எங்கள் வெயிலில் எவன் தொடுவான்?). குஞ்சுகளைப் பெட்டிகளில் அள்ளி சீட்டெல்லாம் அடுக்கினோம். மழை விடும்வரை புதுக் கார் வாசலில் நின்று உறுமியது. நான் மொபெட்டில் போய்க் கேனில் டீசல் வாங்கி வந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். புகை இல்லாத, செலவில்லாத திட்டம்.

ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. அதைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? கோழி எச்ச நாற்றம் என்று அந்தக் காரில் ஏறத்தான் மறுக்கிறார்கள். கொட்டகைக்கு இப்போது கரன்ட் லைன் வந்துவிட்டது, மூலையில் கரியும் இருக்கிறது, பேனலும் வெயிலில் ஜம்மென்று ஓடுகிறது. ஆனாலும் வானம் லேசாகக் கறுத்தால் போதும், மாமியாரிடமிருந்து போன் வந்துவிடும்.

"மாப்ளைங்க, கார்ல டீசல் இருக்குதுங்களா?"

எரிச்சலாக வருகிறது. ஆனால் இருக்கிறது. கார்த்திகை பிறந்தால் டேங்கை நிரப்பித்தான் வைக்கிறேன்.