தக்காளியைத் தீர்த்துக்கட்டிய கதை

அலுவலகத்தில் மேனேஜர் இருமினால் மாடி முழுதும் எழுந்து நிற்கும். வீட்டில் அவருக்கு உட்கார இடமில்லை.

பால்கனியில் ஒரே ஒரு மடக்கு நாற்காலி போடலாம். ஞாயிறு காலையில் அதில் சாய்ந்து பேப்பர் படிப்பதுதான் அவர் கண்ட ஒரே சுகம். அந்த இடத்தில் மனைவி பெரிய தொட்டி வைத்துத் தக்காளி நட்டுவிட்டாள். நாற்காலி கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துவிட்டது. எடு என்று சொல்லலாம்தான். சொல்ல யாருக்குத் தைரியம்? செடியையே தீர்த்துக்கட்டுவது என்று முடிவு செய்தார்.

மனைவி சனிக்கிழமைதோறும் ஏதோ வகுப்புக்குப் போவாள். என்ன வகுப்பு என்று அவர் கேட்டதில்லை, கேட்டால் பதில் நீளும். அவள் கிளம்பியதும் இவர் நூலகத்துக்கு நடையைக் கட்டினார். அங்கே, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் வீட்டுத்தோட்டத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு மேசை போட்டிருந்தார்கள். பச்சை ஏப்ரன் கட்டிய ஓர் அம்மா இருந்தார்.

"என் நண்பர் வீட்டுல ஒரு தக்காளிச் செடி. அது பட்டுப்போகணும். அவர் சம்சாரத்துக்குத் தெரியக்கூடாது."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நண்பருக்கு நாற்காலி போட இடமில்லையோ?"

மேனேஜர் அசந்துபோனார். பயிற்சி என்றால் இதல்லவா பயிற்சி!

"காலையில வேருக்கு மட்டும் தண்ணி விடுங்க, இலை நனையக்கூடாது. பக்கத்துல முளைக்கிற துளிரையெல்லாம் கிள்ளிடுங்க. கம்பு நட்டு இறுக்காம கட்டிவைங்க. அப்பப்ப ஒரு பிடி மக்கின உரம். இவ்வளவும் செஞ்சா எந்தச் செடியா இருந்தாலும் ஒரு வழியாயிடும்."

கட்டிவைத்துக் கிள்ளுவதா? கேட்கவே கொடூரமாக இருந்தது. அவருக்குப் பரம திருப்தி. மனைவி குளிக்கப் போகும் நேரமெல்லாம் பால்கனியில் பதுங்கி ஒன்று விடாமல் செய்தார். செடியோ அவர் தோளுக்கு வளர்ந்து, கொத்துக் கொத்தாய்க் காய்த்துத் தள்ளியது. போதாததற்கு மனைவி இன்னும் இரண்டு தொட்டிகள் வாங்கி வந்தாள்.

ஒரு சனிக்கிழமை பொறுக்கமாட்டாமல் மறுபடி நூலகத்துக்குக் கிளம்பினார். செருப்பு மாட்டும்போது மனைவி உள்ளேயிருந்து வந்தாள். இடுப்பில் பச்சை ஏப்ரன்.

"கொஞ்சம் இருங்க, சேர்ந்தே போகலாம். எனக்கும் பயிற்சி முடிஞ்சுது. இன்னிக்கு அந்த மேசையில நான்தான்."