பச்சை மையில் ஒரு கப்பல்

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. 'இணைய உறவுகளும் மறைந்திருக்கும் அடையாளங்களும்' என்ற பொருளில் மாத இறுதிக்குள் ஓர் ஆவணப்படம் எடுத்து அனுப்ப வேண்டும். "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று கண்காணிப்பாளர் அதை என் தலையில் கட்டினார். நான் தற்காலிக உதவியாளன். படம் முடிந்தால் பணி நிரந்தரம் என்றார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். வேலை நிரந்தரம் என்று அப்பா தெரு முழுக்க எப்போதோ சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால், என் இணையப் பக்கத்திலும் அப்படித்தான் போட்டிருந்தேன்.

ஏமாந்த ஒருவர் கேமரா முன் பேச வேண்டும். விதி தெளிவாக இருந்தது: பேசுபவர் தாம் யார் என்பதை மூன்று சான்றுகளால் நிரூபிக்க வேண்டும், நிரூபித்த பிறகு, அவர் யாரென்று தெரியாதபடி முகத்தை மறைக்க வேண்டும். இரண்டு வாரம் ஒருவரும் வரவில்லை. மூன்றாவது வாரம், கண்காணிப்பாளர் அறைக்கு எதிரே உட்கார்ந்து தபால் பதியும் அக்கா வந்தார்.

"நான் பேசுறேன் தம்பி. ஆனா முகத்தை மறைக்காதே. நான் என்ன திருடினேனா?"

சரக்குக் கப்பல் கேப்டன் ஒருவரோடு இரண்டு வருடமாக இணையத்தில் பழக்கமாம். நேரில் பார்த்ததில்லை. அடுத்த துறைமுகத்தில் இறங்கியதும் வருகிறேன் என்பாராம்.

"எட்டு தடவை சொன்னார். இன்னும் கடல்லயே இருக்கார்."

அப்படியே எழுதி, சான்றுகளை இணைத்து, ஒப்புதலுக்கு வைத்தேன்.

எங்கள் கண்காணிப்பாளர் கைக்குப் போன எதுவும் பச்சை மைத் திருத்தம் இல்லாமல் திரும்பியதில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூடத் திருத்தி, கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுப்பவர். மறுநாள் என் தாள் வந்தது. ஓரத்தில் அழகான எழுத்தில்: 'எட்டு முறை அல்ல, ஆறு முறை. சரக்குக் கப்பல் அல்ல, பயணிகள் கப்பல்.'

மூன்று முறை படித்தேன். தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"சார், இந்த ஆறு முறைங்கிறது... இதுக்கு ஆதாரம் ஏதாவது இணைக்கணுமா?"

அவர் தாளைப் பார்த்தார். முதல் முறையாக இணைப்பைப் புரட்டினார். சான்றில் இருந்த அக்காவின் படத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கதவு வழியே அக்காவைப் பார்த்தார். பேனாவுக்கு மூடி போட்டார். ரொம்ப நேரம் மூடி போட்டார்.

"தம்பி, உன் நிரந்தரக் கோப்பு எங்க இருக்கு?"

"உங்க மேசையிலதான் சார்."

"அப்புறம் என்ன? அந்தம்மா முகத்தை மறை. குரலை மாத்து. கேப்டன் வேண்டாம், பைலட்டுன்னு போடு."

அக்காவிடம் தாளைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். பச்சை மையைப் பார்த்து அவர் சிரித்தார்.

"தெரியும்பா. நான் காலை வணக்கம் போட்டா, 'மணி பன்னிரண்டு ஐந்து, மதிய வணக்கம் என்பதே சரி'ன்னு பதில் போடுற கேப்டன் வேற எந்தக் கடல்ல இருக்கான்?"

"நேர்ல கேட்டிருக்கலாமே அக்கா?"

"நேர்ல அவர் 'தபால் வந்துச்சா'வைத் தவிர ஒரு வார்த்தை பேசினதில்லை. கேப்டன்தான் சாப்பிட்டியான்னு கேட்பார். படத்துல என் முகத்தைப் பார்த்தாலாவது கரைக்கு வருவார்னு நினைச்சேன்."

நான் முகத்தை மறைத்தேன். முகமில்லாத ஒரு பெண் ஆண் குரலில், பைலட்டிடம் ஏமாந்த கதையைச் சொன்னார். மேலிடம் பாராட்டியது. 'இதில் தோன்றும் எவரையும் எனக்குத் தெரியாது' என்ற உறுதிமொழியில் கையெழுத்திட்டேன். நிரந்தர உத்தரவு வந்தது.

உடனே கண்காணிப்பாளர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். கையில் பேனா இல்லை.

"ரெண்டாம் பாகத்துக்கு ஆள் கிடைச்சிருக்குப்பா. ஆம்பளை. ஒருத்தி ரெண்டு வருஷமா டான்ஸ் டீச்சர்னு சொல்லி ஏமாத்தியிருக்கா. பாவம், அவருக்கு அவ மேல கோபமில்லை." குரலைத் தாழ்த்தினார். "முகம் தெரியட்டும்னு சொல்றார். அந்தம்மா பார்க்கணுமாம்."

"விதியில் இடமில்லை சார்" என்றேன். "முகத்தை மறைக்கணும். மூணு சான்று கொண்டு வரச் சொல்லுங்க."

நான் நிரந்தரமாகி அப்போது இருபது நிமிடம் ஆகியிருந்தது.