எட்டரைக்கு எழுந்து போகும் பின்லாந்துக்காரன்

திருப்பாலைக்குடி,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுத பின்

ஷார்ஜாவில் இருக்கும் மச்சான் நவ்ஷாதுக்கு நெய்னா முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். செல்போனில் ஆடும் ஐஸ் ஹாக்கியில் நேற்று நான் ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்றேன். அதற்கு முந்தின நாள் எட்டுக்குப் பூஜ்யம். இரண்டு நாளும் அடித்தவன் ஒரே ஆள். ‘பனிக்கரடி’ என்று பெயர், பக்கத்தில் பின்லாந்துக் கொடி. மற்றபடி இங்கே உங்கள் அக்கா மெஹருன்னிசா, மகள் சஃபா, நான், எல்லோரும் அல்லாஹ் கிருபையால் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். ஒன்பது கோல் போடுகிற கைக்கு நோவு ஏது? அந்தக் கரடி நீங்கள்தானே? போனில் கேட்டால் சிரித்து மழுப்புவீர்கள். ஆகவே தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

முட்டி வலிக்கு டாக்டர் ஒரு மாதம் உட்காரச் சொன்னபோது சஃபாதான் இந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். உலகத்தில் எவனோ ஒருவனோடு கம்பெனியே நம்மைச் சேர்த்துவிடும், அவரவர் தரத்துக்குத் தக்க ஆள் தருவோம் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். முதல் பதினொரு ஆட்டமும் ஜெயித்தேன். பிரேசில்காரன் ஒருவன் நின்ற இடத்திலேயே நின்றான். ஜப்பான்காரன் ஒருவன் தன் கோலிலேயே போட்டுக்கொண்டான். புதிதாக வந்தவனுக்கு முதலில் சோப்ளாங்கியாகப் பார்த்துத் தருகிறார்கள் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நண்டுப் பெட்டியில் மேலே பெருசை அடுக்கி அடியில் பொடிசைப் போடுவது நான் அறியாததா? நண்டு வியாபாரத்துக்கு வந்த புதிதில் நானே அடுக்கியவன்தான். ஜெயித்த கிறுக்கில் சஃபாவோடு ஒரு பந்தயத்துக்குக் கை கொடுத்துவிட்டேன். கொச்சியில் மீன்வளப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, அனுப்புங்கள் என்று அவள் நச்சரிப்பது உங்களுக்குத் தெரியும். இராமநாதபுரத்தில் இல்லாத காலேஜா, தினம் பஸ்ஸில் போய் வா என்பது என் பேச்சு. “அத்தா, நீங்கதான் உலகத்தையே ஜெயிக்கிறீகளே. வெள்ளிக்கிழமைக்குள்ள தொடர்ந்து அஞ்சு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டுங்க, வாயைத் தொறக்காம ராம்நாட்டுலயே சேந்துக்கிறேன். இல்லாட்டி கொச்சிக்கு டிக்கெட் போடுங்க” என்றாள். கை கொடுத்துவிட்டுப் பின்வாங்கியவன் என்று இந்தக் கரையில் என்னை ஒருத்தன் சொன்னதில்லை.

அன்று இரவு இஷா தொழுகைக்குப் பிறகு ஆரம்பித்தது வினை. நாலு ஜெயிப்பேன், ஐந்தாவதில் கரடி வரும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். இருபத்தைந்து வருஷம் ஐஸ் பெட்டியில் கை விறைத்தவன் நான். அந்த ஐஸ் எனக்கு மட்டும் வழுக்குகிறது, அவனுக்குச் சிமெண்டுத் தரையாக நிற்கிறது. நான் அடித்தால் வட்டு கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது, அவன் சும்மா தட்டினாலும் உள்ளே போகிறது. கம்பெனிக்குப் புகார் எழுதினேன். “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று பூப்படம் போட்டுப் பதில் வந்தது.

அப்புறம்தான் ஒன்று கவனித்தேன். எத்தனை கோலில் ஜெயித்தாலும் சரி, ஆட்டத்தை முடித்துவிட்டுக் கரடி சொல்லி வைத்தாற்போல எட்டரைக்கு எழுந்து போய்விடுகிறது. நமக்கு எட்டரை என்றால் ஷார்ஜாவில் ஏழு, மஃரிப் நேரம். மச்சான், பின்லாந்தில் எந்தக் கரடி மஃரிப் தொழுகிறது? தொழுத கையோடு எட்டே முக்காலுக்கு அக்காவுக்குப் போன் போட்டு, “மச்சான் என்ன செய்யிறாக?” என்று நோட்டம் பார்ப்பது யார்? ஏலத்தில் இரண்டு பேர் கூடி ஒருத்தனை அமுக்குவதை நான் நிறையப் பார்த்தாயிற்று. மாமனும் மருமகளும் பேசி வைத்து ஆடிய ஆட்டம் செல்லாது. சஃபா இராமநாதபுரத்திலேயே சேருவாள். இதை நீங்களே அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

ருக்ஸானாவுக்கும் பிள்ளைகளுக்கும் சலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் நேர்மையும் தருவானாக.

இப்படிக்கு,
நெய்னா முகம்மது

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். படம் பிடிக்குமுன், இஷா தொழுதுவிட்டுக் கடைசியாக ஆடிப் பார்த்தேன். நாலு ஜெயித்தேன், ஐந்தாவதில் கரடி வந்தது. தண்ணீர் கேட்டேன், யாரும் கொண்டுவரவில்லை. போனைப் பிடித்தபடி அடுப்படிக்குப் போனால், உங்கள் அக்கா சஃபாவின் போனை மாவு டப்பாவில் சாய்த்து வைத்து இரண்டு கட்டைவிரலாலும் குத்திக்கொண்டிருக்கிறாள்.

“நீயா?”

“சத்தம் போடாதீக, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு” என்று என் கண் முன்னாலேயே ஒரு கோல் போட்டாள்.

“அஞ்சாவது ஆட்டத்துக்குச் சரியா எப்படி வார?”

“ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தெருவுக்கே கேக்குற மாதிரி பிஸ்மில்லா சொல்லித்தானே பட்டனை அமுக்குறீக. எண்ணிக்கிட்டே இருப்பேன், அஞ்சாவதுக்கு நானும் அமுக்குவேன். அந்நேரம் ஆட ஆளு கம்மியாம், நம்ம ரெண்டு பேரையும் சேத்துவிட்டுருது.”

“எட்டரைக்கு ஏன் எந்திரிச்சுப் போற?”

“தம்பி போன் வாரதுக்குள்ள இடியாப்பம் இறக்க வேணாமா?”

“பின்லாந்துக் கொடி எதுக்கு?”

“நீலமும் வெள்ளையும் நல்லா இருந்துச்சு. அதே கலர்ல சேலை கேட்டேன், எடுத்துத் தந்தீகளா?”

அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “என்னைப் பத்தாவதோட நிப்பாட்டுனாக. அப்ப எனக்குக் கை கொடுக்க ஆளில்ல. இவளுக்குக் கொடுத்த கையை உருவலாம்னு பாக்காதீக” என்றாள். இதற்கு நான் எந்தக் கம்பெனிக்குப் புகார் எழுத?

பேசி முடித்தது இது: சஃபா திங்கட்கிழமை கொச்சிக்குப் போகிறாள், ஹாஸ்டல் வாசல்வரை நான் கொண்டுபோய் விடுகிறேன், மாதம் ஒருமுறை ஊருக்கு வருவாள். உங்கள் அக்கா இனி எனக்கு எதிராக ஆட மாட்டாள். இருவரும் ஒரே பக்கம். கோல் போடுவது அவள், கோல் காப்பது நான்.