ஐந்து நட்சத்திரப் பெட்டிக்காரர்

"நெட்ல தேடினா நாலாவது பக்கத்துல இருக்கீங்க மாமா. அங்க ஈ எறும்புகூட எட்டிப் பார்க்காது" என்று போனை நீட்டினான் மச்சினன்.

பெட்டிக்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பயணப் பெட்டிகளுக்குச் சக்கரம், ஜிப், கைப்பிடி எல்லாம் சரிசெய்து கொடுப்பவர் அவர். மச்சினனைப் பிடித்து வெப்சைட்டும் போட்டாயிற்று. ஆனால் கடைக்கு ஆள் வந்தால்தானே! வலது பக்கத்துக் கடையில் அதே தொழில் செய்யும் சகலையிடம் இருப்பது பட்டன் போன்தான். நெட் என்றால் கொசுவலை என்று நினைக்கிற ஆசாமி. அவனுக்கென்னவோ வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் கெடு வேறு. "இந்த மாசத்துக்குள்ள கூட்டம் வரலைன்னா, பேசாம கடையை மூடிட்டு என் தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட வேலைக்குச் சேருங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். போயும் போயும் சகலையிடம் கைகட்டி நிற்பதா? நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"என்ன மாமா எழுதி வச்சிருக்கீங்க? 'பயணப் பேழைச் சீரமைப்பகம்'! இதை யாரு தேடுவா?"

"ஏன், கௌரவமா இருக்கேடா!"

"கௌரவத்தைத் தூக்கிப் பரண்ல போடுங்க. சக்கரம் கழண்டு நடுத்தெருவுல நிக்கிறவன் 'பேழை'ன்னா தேடுவான்? 'பெட்டி சக்கரம் உடைஞ்சிருச்சு, பக்கத்துல எங்க மாத்தலாம்'னு தேடுவான். அவன் புலம்புற மாதிரியே நாமளும் எழுதணும்."

அப்படியே மாற்றி எழுதினார்கள். அடடா, கொஞ்ச நாளில் கடை முதல் பக்கத்துக்கே வந்துவிட்டது! ஆளைத்தான் காணோம்.

"மேப்ல கடையோட போட்டோ இல்ல மாமா, அதான். வாசல்ல பேரு பெருசா தெரியிற மாதிரி ஒண்ணு எடுத்துப் போட்டா, தேடி வர்றவங்க தடுமாற மாட்டாங்க."

பெட்டிக்காரருக்குப் பெருசு என்றால் பெருசுதான். பேனர் அடிக்கும் இடத்தில் அளவு கேட்டதற்கு இரண்டு கைகளையும் முடிந்தமட்டும் விரித்துக் காட்டிவிட்டு வந்துவிட்டார். வந்து சேர்ந்த பேனர் கூரையிலிருந்து தரைவரை தொங்கிக் கடையையே முழுசாகப் போர்த்திவிட்டது.

"கொஞ்சம் வெட்டிரலாமா மாமா?"

"எதைடா வெட்டுறது? மேல பேரு, நடுவுல வெப்சைட்டு, கீழ பெட்டிப் படம். ஒண்ணு போனாலும் மூளியாயிடும். வர்றவங்க வலது ஓரத்தைத் தூக்கிட்டு வரட்டும். ஒரு அம்புக்குறி போட்டுட்டா ஆச்சு!"

சிவப்பில், ஆள் உயரத்துக்கு ஓர் அம்புக்குறியும் போட்டார்கள். போட்டோவும் மேப்பில் ஏறியது. பெட்டிக்காரர் உள்ளே பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அதுவரை எப்போதாவது தலைகாட்டிய பழைய வாடிக்கைகளும் நின்றுபோயின.

அதற்கப்புறம்தான் அந்த அதிசயம். நெட்டில் கடைக்கு ஐந்து நட்சத்திரம் விழுந்தது. "சக்கரம் வழுக்கிட்டு ஓடுது, அருமையான கடை" என்று யாரோ எழுதியிருந்தார்கள். மறுநாள் இன்னொன்று விழுந்தது. "முதலாளி தங்கமான மனுஷர். சிரிச்ச முகம். வேலை முடியிற வரைக்கும் ஜோக் சொல்லிட்டே இருந்தார்."

மனைவி அதைச் சத்தமாகப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிச்ச முகமா? நீங்களா? கல்யாண போட்டோலயே பல்வலி வந்தவர் மாதிரிதானே நின்னீங்க!"

பெட்டிக்காரர் நேராகப் போய் மச்சினனின் சட்டையைப் பிடித்தார். "நீதானேடா திருட்டுத்தனமா எழுதுற? கடைப் பக்கம் ஒரு காக்கா குருவி வரல, நட்சத்திரம் மட்டும் கொட்டுது!"

"சத்தியமா நான் இல்ல மாமா! எவனோ புண்ணியவான் எழுதுறான், விடுங்களேன். எல்லாத்துக்கும் பதில் போடுங்க. பதில் போட்டாத்தான் மேல நிக்க முடியும்."

வேண்டாவெறுப்பாக உட்கார்ந்து போட்டார். "நன்றி. மறுபடியும் வாங்க. அக்கம்பக்கத்துலயும் சொல்லுங்க."

சொன்னார்கள் போலிருக்கிறது. நட்சத்திரங்கள் மளமளவென்று ஏறின. பேனருக்கு வெளியே காலையிலிருந்து சாயங்காலம்வரை பெட்டிகள் உருளும் சத்தம் கடகடவென்று கேட்டது. ஒன்றாவது உள்ளே திரும்ப வேண்டுமே! எல்லாம் சகலை கடைக்குப் போகிற கூட்டம். ஒரு வெப்சைட்டுக்கு வழியில்லாத பயலுக்கு வந்த யோகத்தைப் பார் என்று பெட்டிக்காரர் உள்ளுக்குள் பொருமினார்.

மாசம் முடிந்தது. சொன்ன சொல் சொன்னதுதான். பெட்டிக்காரர் திருப்புளியை ஒரு பையில் போட்டு, அதில் அடங்காத சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டார். "சகலை, ஏதாவது வேலை இருந்தா..." என்று சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். வருவது வரட்டும் என்று பேனரின் ஓரத்தைத் தூக்கி, குனிந்து வெளியே வந்தார்.

சகலை கடை வாசலில் பெட்டியும் கையுமாக ஒரு வரிசையே நின்றது. உள்ளே சகலை வியர்த்து வழிந்தபடி இரண்டு சக்கரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

வரிசையின் கடைசியில் நின்ற அம்மாள் பெட்டிக்காரரைப் பார்த்ததும் பதறிப்போய், சகலையிடம் கத்தினாள்:

"முதலாளி, சீக்கிரம் வாங்க! நெட்ல பார்த்துட்டு, அம்புக்குறி காட்டின பக்கம் உங்க கடைக்கு வந்து நின்னா, உங்க பேனருக்குப் பின்னாலருந்து எவனோ சுத்தியலோட வர்றான்!"