கேட்கலையா, இன்னும் ஏத்து!

வீட்டிலேயே ஸ்டூடியோ வைத்திருக்கிறவர் என்று ஒரு இனம், நம் தாம்பரம் பக்கத்தில் கொசுவுக்கு அடுத்தபடியாகப் பெருகி வருகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள். கீழ்க்கட்டளையில் ஏதோ ஒரு மாடியிலிருந்து ஒரே தாளம் காலையிலிருந்து சாயங்காலம் வரை திரும்பத் திரும்ப வந்து விழுகிறதே, யாரோ தண்ணீர்த் தொட்டியைத் தட்டுகிறார்கள் என்று நினைத்தீர்களே, அது அவர்தான். கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருக்கையில், "பேஸ் கொஞ்சம் கம்மி" என்று அப்பளத்தை நொறுக்குகிறவரும் அவர்தான். பாட்டுச் சேர்க்கும் சாஃப்ட்வேர் ஏற்றிய ஒரு லேப்டாப், காதுக்கு ஒரு ஹெட்போன், எதிரொலியைத் தடுக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை. இந்த மூன்றும் ஓர் அறையில் கூடிவிட்டால் அந்த வீட்டில் ஒரு மனிதர் கைவிட்டுப் போனார் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இந்த இனத்தில் சோதாவான ஆளைப் பிடித்து வந்து காட்டுவதில் எனக்கு என்ன பெருமை? உச்சாணியில் இருப்பவரையே காட்டுகிறேன். மாடம்பாக்கம் அரிகிருஷ்ணன். இவரைப் பற்றி உனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்காதீர்கள். பக்கத்தில் இருந்து பார்த்தேன். ரொம்பப் பக்கத்தில்.

அரிகிருஷ்ணன் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவர். நிறுத்தியது அவர்தான், பள்ளிக்கூடம் அல்ல. இதை அவரே எல்லோரிடமும் சொல்லுவார். "நீ மண் தோண்டத்தான் லாயக்கு" என்றார் வாத்தியார். தோண்டினார். அந்த வாத்தியார் வீட்டிலேயே தோண்டினார். தண்ணீர் வந்தது. போர் போடும் லாரியில் பைப் தூக்கும் கூலியாகச் சேர்ந்து, பிறகு அந்த லாரிக்கே முதலாளியாகி, மாடம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வரை அவர் துளைக்காத மனை இல்லை என்கிற அளவுக்கு வளர்ந்தார். வளர்ந்ததற்குக் காரணம் காதுதான் என்பார். கம்ப்ரஸர் கத்துகிற கத்தலில் பக்கத்துத் தெருவே கதவைச் சாத்தும்; இவர் மட்டும் மெஷினை ஒட்டி நின்று, சத்தத்தை வைத்தே பாறையா, களிமண்ணா, ஊற்றா என்று சொல்லிவிடுவார். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னவர்களைப் பார்த்துச் சிரித்தார். "சிங்கம் மூக்குத்தி போடுமா?"

தொழிலை மகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் வினை வந்தது. அவர் மனைவி கங்கையம்மாள், ஆடி மாதம் தெருமுனைச் செல்லியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறவர். கூழ் கிளறும்போது தானாகவே ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தார். 'வெயிலுல நிக்கிறியே தாயே, வேப்பங்கெள குட புடிக்கட்டா' என்று ஆரம்பிக்கும்.

"கோயில் குழாய் ஸ்பீக்கர்ல யார் யாரோ பாட்றாங்க," என்றார் ஒரு நாள். "கூழு ஊத்தறப்போ என் பாட்டு ஒரு தபா கேக்கணும்யா. அவ்ளோதான் ஆசை."

கணவரிடம் எதையுமே கேட்காத அம்மாள் கேட்ட ஒரே ஆசை. தாம்பரத்தில் ஏதாவது ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போயிருந்தால் ஒரு மதியத்தில் முடிந்திருக்கும். செய்வாரா நம் ஆள்?

"ஸ்டூடியோக்காரன் இன்னா வானத்துலேந்து குதிச்சானா? நானே செஞ்சித் தரேன்!"

அடுத்த ஆடி வந்தது, பாட்டு வரவில்லை. அதற்கடுத்த ஆடியும் கிட்டத்தில் வந்துவிட்டது. இந்த இனத்துக்குப் பாட்டு என்பது முடிப்பதற்காக அல்ல. மருமகள் வினிதா ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவள். அவள் கழித்துப்போட்ட லேப்டாப்பில் உட்கார்ந்து, "ரொம்ப சிம்பிள் ஃப்ரெண்ட்ஸ்" என்று ஆரம்பிக்கும் வீடியோக்களாகப் பார்த்தார். பார்த்ததையெல்லாம் பாட்டில் சேர்த்தார். பம்பை சேர்த்தார், உடுக்கை சேர்த்தார், சலங்கை, கோயில் மணி, ஜால்ரா, இடி, மழை, கடைசியில் கடல் அலை. மாடம்பாக்கத்து அம்மனுக்குக் கடல் எதற்கு என்று வினிதா கேட்டாள். "ஓசில கெடச்சிச்சிம்மா" என்றார். 'அம்மன் ஃபைனல்' என்று ஒன்றைச் சேமித்தார். பிறகு 'அம்மன் ஃபைனல் புதுசு'. பிறகு 'அம்மன் ஃபைனல் இதான்'. எப்போது முடியும் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "முடிஞ்சிடுச்சி. மிக்ஸிங் மட்டும்தான் பாக்கி."

பாட்டைப் பதிவு செய்த கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம். துணி அடைத்த அலமாரிக்குள் பாடினால் எதிரொலி வராது என்று ஒரு வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பையன் சொல்லியிருந்தான். அவன் வீட்டு அலமாரி மரம். நம் வீட்டில் இருப்பது இரும்பு பீரோ. இந்த வித்தியாசம் நம் ஆள் மூளைக்கு எட்டவில்லை. கங்கையம்மாள் பட்டுப் புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு, அந்துருண்டை நெடியில் கண் எரிய, 'வெயிலுல நிக்கிறியே' என்று ஆரம்பித்தார். ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று தலைக்கு மேலே போனது.

"கட்!"

மறுபடி ஆரம்பித்தார். குக்கர் கூவியது.

"கட்!"

"இன்னாய்யா எதுக்கெடுத்தாலும் கட்டு? தும்மலு வருது, அதுக்கும் கட்டா?"

"ஆர்ட்டிஸ்ட் பேசக் கூடாது, மே!"

எப்படியோ பாடி முடித்தார்கள். பீரோவும் கூடவே ஙொய்யென்று பாடியிருந்தது. அது கிடக்கட்டும். இனிமேல்தான் மிக்ஸிங்.

சாஃப்ட்வேரில் ஈக்வலைசர் என்று ஒரு படம் வரும். அதில் ஒரு கோடு. கோட்டின் இடது பக்கத்தைத் தூக்கினால் பம்பை மாதிரித் தடித்த ஒலி தூக்கும். வலது பக்கத்தைத் தூக்கினால் சலங்கை, ஜால்ரா மாதிரிக் கூர்மையான ஒலி தூக்கும். அரிகிருஷ்ணன் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். பம்பை இருந்தது. சலங்கையைக் காணோம். வலது பக்கத்தைத் தூக்கினார். காணோம். இங்கேதான் போர் போட்ட புத்தி வேலை செய்தது. தண்ணி வரலையா, இன்னும் இறக்கு. இது தொழிலில் அவர் கொள்கை. கேட்கலையா, இன்னும் ஏத்து, இது இசையில். ஏற்றினார், ஏற்றினார், கோடு திருநீர்மலைப் படிக்கட்டு மாதிரி ஏறி உச்சியில் போய் நின்றது. அப்போதுதான் சலங்கை கணீரென்று கேட்டது. மனைவி குரலில் ஒவ்வொரு எழுத்தும் துலங்கியது. கண் கலங்கிவிட்டது நம் ஆளுக்கு.

கருத்துக் கேட்காமல் செய்தாரா? கேட்டார். மாடியில் குடியிருக்கும் ஸ்ரீரங்கனைக் கூப்பிட்டார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மார்கழிக் கச்சேரி ஒன்றையும் விடாதவர். அவருக்கு வாடகை ஏற்றப்போவதாக நம் ஆள் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. ஹெட்போனை மாட்டியதும் அவர் கை தாடைக்குப் போனது.

"எப்டி சார்?"

"ரொம்ப... ரொம்ப ஷார்ப்பா இருக்கு சார். பல்லு வரைக்கும் போறது."

வீட்டுக்காரர் குடித்தனக்காரரிடம் கருத்துக் கேட்பது, மாமியார் மருமகளிடம் சாம்பார் எப்படி என்று கேட்பது மாதிரி. என்ன பதில் வரும்? இந்த வீட்டு மருமகளோ உண்மையைத்தான் சொன்னாள். "காது கூசுது மாமா."

"ஏசி ரூம்ல ஒக்காந்து ஒக்காந்து உன் காது மரத்துப்போச்சும்மா," என்றார் நம் ஆள்.

ஆடியில் ஒரு ஞாயிறு. கூழ்ப் பானைகள் வரிசையாக வந்து நின்றன. கங்கையம்மாள் புதுப் புடவை கட்டிக்கொண்டு, கரண்டியும் கையுமாக நின்றார். ஒலிபெருக்கிக்காரர் பாட்டைப் போட்டார். முதலில் தெருநாய்கள் ஒன்றாக ஊளையிட்டன. வரிசையில் நின்ற ஒருத்தி சொம்பைக் கீழே போட்டாள். குழந்தைகள் வீறிட்டன. பூசாரி உடுக்கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். குழாய் வெடிக்கப்போகிறது என்று நினைத்து ஒலிபெருக்கிக்காரர் கம்பத்தில் ஏறினார். நம் ஆளுக்கு என்ன தெரிந்தது தெரியுமா? ஜனங்கள் கண்ணில் தண்ணீர் தெரிந்தது. பக்தி என்று நினைத்தார். ஒரு அம்மாளுக்குச் சாமி வந்து ஆடியது; தன் பாட்டின் சக்தி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த அம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஆடியதைக் கவனிக்கவில்லை.

"யாருய்யா இந்தப் பேஜாரப் போட்டது? நிறுத்து!" என்று கூட்டத்தில் ஒரு குரல். பாட்டு பாதியில் நின்றது. கங்கையம்மாள் கரண்டியைப் பானை மேல் வைத்துவிட்டு, ஒருவரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

"குழாய் சரியில்ல," என்றார் அரிகிருஷ்ணன்.

மறுநாள் வினிதா லேப்டாப்பை எதிரில் வைத்தாள். "மாமா, ஒரு சத்தம் போடறேன். கேட்டா கையத் தூக்குங்க."

"போடும்மா."

"போட்டுட்டேன்."

"எங்க போட்ட? மொதல்ல ஸ்விட்ச்ச ஆன் பண்ணு."

கட்டிலடியில் படுத்திருந்த வீட்டு நாய் காதை உதறிக்கொண்டு எழுந்து தெருவுக்குப் போய்விட்டது. மாடியில் ஸ்ரீரங்கன் ஜன்னலைச் சாத்தும் ஓசை. சமையலறையிலிருந்து கங்கையம்மாள், "ஐயோ, நிறுத்தும்மா அந்தக் கொடுமைய!" என்றார். அரிகிருஷ்ணனின் கை மடியிலேயே இருந்தது.

தாம்பரத்தில் காது டாக்டரம்மா ஒருவரிடம் மூவரும் போனார்கள். மெஷின் வைத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரு கோடு சமதரையில் நடந்து வந்து, திடீரென்று போர்க் குழியில் விழுந்த மாதிரி கீழே இறங்கியிருந்தது.

"பெரிய மெஷின் சத்தத்துல வேலை பார்த்தீங்களா சார்? கூர்மையான சத்தமெல்லாம் உங்க காதுல ஏறவே இல்ல."

வேறு ஆளாக இருந்தால் தலை குனிந்திருப்பார். நம் ஆள் திரையையே உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஏம்மா வினிதா, நம்ம பாட்டுல நான் ஏத்தி வெச்ச கோட்ட போட்டோ புடிச்சியே, உன் போன்ல கீதா? காட்டு."

காட்டினாள். டாக்டரம்மா கோடு எங்கே இறங்கியதோ அங்கே இது ஏறியிருந்தது, அச்சில் வார்த்த மாதிரி.

"பாத்தியா! டாக்டரம்மா, நீ மெஷின் வெச்சிக் கண்டுபுடிச்சத நான் வெறுங்காதுலயே கண்டுபுடிச்சிக்கீறேன்!"

"கரெக்ட் சார்," என்றார் டாக்டரம்மா. "நீங்க செஞ்சது பாட்டு இல்ல, காது மெஷின். அத ஊருக்கே மாட்டி விட்டுட்டீங்க."

கங்கையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப, இத்தினி வருசம் நான் கூப்ட்டதெல்லாம் நெஜமாவே உனுக்குக் கேக்கலியா?"

"கேக்கல மே."

"கேட்டுக்கினே கேக்காத மாதிரி கீறியேன்னு, எத்தினி நாள் தட்ட டங்குனு வெச்சிக்கீறேன்..."

"அந்த டங்கு கேட்டுச்சி."

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இன்னும் நாள் இருந்தது. வினிதா தானே சரிசெய்து தருகிறேன் என்றாள். அரிகிருஷ்ணன் விடவில்லை. ஆனால் ஹெட்போனைக் கழற்றி, அதுவரை யாரையும் தொட விடாத ஹெட்போனைக் கழற்றி, கங்கையம்மாள் தலையில் மாட்டினார். போர் போடும் இடத்தில் பேச்சுக்கு வேலையில்லை. கம்ப்ரஸர் ஓடும்போது யாருக்கு எது கேட்கும்? எல்லாம் கை ஜாடைதான். கட்டைவிரல் கீழே என்றால் இறக்கு, உள்ளங்கை காட்டினால் நிறுத்து. அந்த ஜாடையை மனைவிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

கங்கையம்மாளின் கட்டைவிரல் கீழே போனது. இறக்கினார். மறுபடி கீழே. இறக்கினார். பக்கத்து ஸ்பீக்கரில் அவருக்குச் சலங்கை மறைந்தது. ஜால்ரா மறைந்தது. மனைவியின் குரல் கம்பளி போர்த்திக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டது.

"உன் கொரலு போவுதே!"

கட்டைவிரல் கீழே. பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினார். கடல் அலையையும் எடுக்கச் சொன்னார் அம்மாள், எடுத்தார். உள்ளங்கை எழுந்தது. கங்கையம்மாள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நிறுத்து என்ற கையை இறக்கவே மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பாட்டு ஒலித்தது. ஒன்றுமே நடக்கவில்லை. நாய்கள் படுத்திருந்தன. கூழ் ஊற்றுவது நடந்துகொண்டே இருந்தது. வரிசையில் ஒருத்தி, "யாரு பாட்றது, நல்லாக் கீதே?" என்று கேட்டாள். கங்கையம்மாள் அவள் சொம்பில் இன்னொரு கரண்டி ஊற்றினார். ஸ்ரீரங்கன் வந்து, "ரொம்ப நன்னா இருக்கு சார்" என்றார், தாடையைப் பிடிக்காமலே. அரிகிருஷ்ணன் கம்பத்துக்கு நேர் கீழே நின்றார். அந்தத் தெருவிலேயே அந்தப் பாட்டு முழுசாகக் கேட்காத ஒரே ஆள், அதைச் செய்தவர். மனைவி உதட்டைப் பார்த்துப் பார்த்துச் சரியான இடத்தில் தலையாட்டினார். அவருக்கு அது போதுமாக இருந்தது என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். பழைய மிக்ஸை அவர் இன்னும் அழிக்கவில்லை. காதுக்கு மெஷின் வாங்கிய பிறகு அதை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை அந்தப் பழைய மிக்ஸைப் போட்டுக் கேட்டார். அன்றோடு ஸ்ரீரங்கனுக்கு வாடகை ஏற்றும் யோசனையைக் கைவிட்டார்.

சிரிக்கிறீர்களா? நமக்கு இந்த வியாதி இல்லை, நம் வீட்டில் முட்டை அட்டையும் இல்லை என்றுதானே? சரி. நீங்கள் சாப்பாட்டு மேஜையில் நாட்டு நடப்புப் பேசும்போது, பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும்போது, ஆபீஸ் மீட்டிங்கில் உங்கள் கருத்தை எடுத்து வைக்கும்போது, எல்லாம் உங்கள் காதுக்குக் கணீரென்று கச்சிதமாக விழுகிறதா? கேட்டவர்கள் "ரொம்ப ஷார்ப் சார்" என்கிறார்களா? அப்படியானால் ஒரு காரியம் செய்யுங்கள். அவர்கள் கை தாடைக்குப் போகிறதா என்று பாருங்கள். அதுவும் பிடிபடாவிட்டால் கட்டிலடியில் பாருங்கள். நாய் இருக்கிறதா?